மூதூர்ப் புளியமரமும் மறதி தரும் இலையும்



மூதூர்ப் புளியமரத்தடியில் றொபட் நொக்ஸ் பிடிபட்ட கதை நாமெல்லாம் சிறுவயதிலிருந்து கேட்டதுதான். 1660இல் புயலில் பாய்மரம் இழந்த கப்பலில் கொட்டியாரக் குடாவுக்கு வந்தவர், 19 வருடங்களுக்கு மேல் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்தார். மீதிக் கதையை நாம் அதிகம் பேசுவதில்லை.

கலங்கிய குளத்து நீர் குடித்துக் காய்ச்சலில் விழுந்தபோது, கஞ்சா இலைத் தூளைக் கருப்பட்டியோடு சாப்பிட்டுத் தேறியதாக, 1681இல் வெளியான தன் நூலில் நொக்ஸ் எழுதினார். இலண்டனில் தன் நண்பர் றொபட் ஹூக்கிடமும் அந்த இலையைப் பற்றிச் சொன்னார். எமது பிள்ளைகள் விஞ்ஞானத்தில் படிக்கும் கலத்துக்குப் பெயர் வைத்த அதே ஹூக்தான். 1689 டிசெம்பரில் அவர் ரோயல் சொசைட்டியில் விளக்கினார்: இதை உண்டவர் அந்த மயக்கத்தில் கண்டது, கேட்டது, செய்தது எதுவும் அவர் நினைவில் நிற்பதில்லை.

காரணம் டிஎச்சி என்ற சேர்வை. 1964இல்தான் அதைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார்கள். புதிய நினைவுகள் பதியும் மூளைப் பகுதியில் நரம்புக் கலங்களின் தொடர்பை அது குழப்புகிறது.

"இலைதானே, மருந்துதானே" என்று எமது இளைஞர்கள் சிலர் சொல்கிறார்கள். மருந்தென்று சொன்ன அதே தலைமுறையே மறதியையும் எழுதி வைத்துவிட்டது. பாதிக் கதையை மட்டும் பிள்ளைகளிடம் விட்டுவிடாதிருப்போம்.