ஐந்தாவது எழுத்து

டிஸ்கி: நான் பொட்டி தட்டுகிற ஆசாமி. பன்னிரண்டாம் வகுப்போடு உயிரியலுக்குப் பெரிய கும்பிடு போட்டுவிட்டு பொறியியல் பக்கம் ஒதுங்கியவன். துறை சார்ந்தவர்கள் யாராவது படித்தால் பின்னூட்டத்தில் வந்து தாராளமாகக் கும்மலாம்.

2023-ல் கத்தலின் கரிகோவுக்கும் ட்ரூ வைஸ்மனுக்கும் நோபல் கிடைத்தபோது ஆளாளுக்குக் கரிகோ கதை எழுதினார்கள். ஹங்கேரியிலிருந்து வந்தது, பென்சில்வேனியா பல்கலையில் 1995-ல் பதவி இறக்கப்பட்டது, விடாமல் உழைத்தது எல்லாம் வந்தது. நல்ல கதைதான், மறுக்கலை. ஆனா அந்தக் கதையில் நடுநாயகமா ஒரு மூலக்கூறு இருக்கு. சூடோயூரிடின். அது எங்கிருந்து வந்ததுன்னு யாரும் சொல்லக் காணோம். அதைத் தேடிப் போனால் அணுகுண்டில் போய் முட்டிக்கொள்கிறோம்!

1943-ல் வால்டோ கோன் என்ற உயிர்வேதியியலாளர் அமெரிக்காவின் டென்னசியில் உள்ள ஓக் ரிட்ஜுக்குப் போகிறார். மன்ஹாட்டன் திட்டத்துக்காகக் கட்டின ரகசிய ஊர் அது. வரைபடத்திலேயே கிடையாது, ஆனால் 1945-ல் சுமார் 75,000 பேர் குடியிருந்தார்கள். அணு உலையில் யுரேனியம் பிளந்ததும் கிடைக்கும் எச்சம் ஒரு கலவைக் குப்பை. அதில் உள்ள தனிமங்கள் பல அச்சு அசல் ஒன்றுபோலவே நடந்துகொள்ளும். அவற்றைப் பிரிக்க கோனும் கூட்டாளிகளும் பயன்படுத்தியது அயனிப் பரிமாற்றம். ஒரு குழாயில் பிசின் மணிகளை நிரப்பி மேலே கலவையை ஊற்றி, பிறகு அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால், மணியோடு லேசாக ஒட்டினது முதலில் இறங்கும், இறுக்கமாக ஒட்டினது கடைசியில் இறங்கும். வெளியே சொட்டுவதை அளந்து வரைபடம் போட்டால் மலை மலையா முகடுகள் தெரியும். ஒரு முகட்டுக்கு ஒரு பொருள்.

(மனுஷன் இதோடு நிற்கவில்லை. செல்லோ வாசிப்பார். அந்த ரகசிய ஊரிலேயே ஒரு இசைக்குழுவை ஆரம்பித்தார். 1953-ல் ஊரின் ஆலோசனைக் குழுத் தலைவராக இருந்தபோது பள்ளிகளில் நிறப் பிரிவினை வேண்டாம் என்று தீர்மானம் கொண்டுவர, அவரைப் பதவியிலிருந்து தூக்கவே ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்கள். தனிப் பதிவுக்கான மேட்டர்.)

போர் முடிந்தது. கோன் அதே குழாயில் யுரேனிய எச்சத்துக்குப் பதிலாக ஆர்.என்.ஏ-வை உடைத்து ஊற்றினார். அப்போதைய பாடப்புத்தகப்படி ஆர்.என்.ஏ-வுக்கு நாலே எழுத்து. அடினின், குவானின், சைட்டோசின், யுராசில். அந்த நாலுக்கும் உரிய முகடுகள் வந்தன. 1951-ல் கோனும் எலியட் வோல்கினும் கூடவே ஒரு சின்ன முகட்டையும் கவனித்தார்கள். எதோடும் சேராத உபரி முகடு.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கணும். நம்ம தொழிலில் லாக் கோப்பில் எப்பவாவது புரியாத ஒரு வரி வரும். 'அது பாட்டுக்கு வரும் விடு' என்று தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். கோனும் அப்படிப் போயிருக்கலாம். 1957-ல் டேவிஸ், ஆலன் என்ற இருவர் ஈஸ்டின் ஆர்.என்.ஏ-வில் இது நிஜமாகவே இருக்கிறது, மாசு கிடையாது என்று காட்டி, ஐந்தாவது நியூக்ளியோடைடு என்றே பெயர் வைத்தார்கள். அடுத்த சில வருடங்களில் அமைப்பும் பிடிபட்டது.

அமைப்புதான் சுவாரசியம். யூரிடினில் சர்க்கரையோடு யுராசில் ஒரு நைட்ரஜன் வழியாக ஒட்டியிருக்கும். சூடோயூரிடினில் அதே யுராசிலைக் கழற்றி, திருப்பி, ஒரு கார்பன் வழியாக ஒட்டியிருக்கிறது செல். ஒரு அணு கூடவும் இல்லை, குறையவும் இல்லை, எடையும் அதேதான். ஒரே பெயரில் இரண்டு ஆட்கள் மாதிரி. ஆனால் திருப்பி ஒட்டினதால் ஒரு நைட்ரஜன் ஹைட்ரஜன் ஜோடி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், அது இன்னொரு பிணைப்புக்குக் கை கொடுக்கும். அதனால் ஆர்.என்.ஏ கொஞ்சம் விறைப்பாகிறது. இதைக் குறிக்க ஸை என்ற கிரேக்க எழுத்தை எடுத்துக்கொண்டார்கள். பார்க்க சூலாயுதம் மாதிரியே இருக்கும் :-)

1965-ல் ராபர்ட் ஹாலி ஈஸ்டின் அலனின் டி.ஆர்.என்.ஏ-வின் 77 எழுத்துகளையும் வரிசையாகப் படித்தபோது அதிலும் இந்த சூலம் இருந்தது. 1968-ல் அவரோடு நோபலைப் பகிர்ந்துகொண்டவர்கள் நிரன்பர்கும் நம்ம ஹர் கோவிந்த் கொரானாவும். அதற்கப்புறம் பல வருஷம் சூடோயூரிடின் ஒரு அலங்காரப் பொருள் மாதிரியே கிடந்தது. இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், எதுக்குன்னு கேட்டால் சரியான பதில் இல்லை. மனித ரைபோசோமில் மட்டும் சுமார் நூறு இடங்களில் இருக்கிறது. ஒரு செல் சும்மா அலங்காரத்துக்கா இவ்வளவு மெனக்கெடும்?

முதல் பலமான துப்பு ஒரு நோயிலிருந்து வந்தது. டிஸ்கெரட்டோசிஸ் கன்ஜெனிட்டா. நகம் சிதையும், தோலில் கறை படரும், வாயில் வெள்ளைத் திட்டு வரும், இளமையிலேயே முடி நரைக்கும், கடைசியில் எலும்பு மஜ்ஜை ரத்தம் உண்டாக்குவதையே நிறுத்திவிடும். சின்ன வயசுலயே வந்த முதுமைன்னு சொல்லலாம். 1998-ல் இதற்குக் காரணமான ஒரு மரபணு கிடைத்தது. அது தயாரிக்கிற டிஸ்கெரின் என்ற புரதம் செய்கிற வேலை என்ன தெரியுமா? ரைபோசோம் ஆர்.என்.ஏ-வில் யூரிடினை சூடோயூரிடினாகத் திருப்பி ஒட்டுவது! அப்போ மூப்புக்கும் இந்த சூலத்துக்கும் நேரடித் தொடர்பு என்று முடிவு கட்டத் தோன்றும் இல்லையா?

பொறுங்க. 1999-ல் மிட்செல், வுட், காலின்ஸ் மூவரும் அதே டிஸ்கெரின் டெலோமரேசுக்கும் முட்டுக் கொடுக்கிறது, நோயாளிகளிடம் அது குறைந்து கிடக்கிறது என்று காட்டினார்கள். குரோமோசோம் நுனி தேயாமல் பார்த்துக்கொள்வது டெலோமரேஸ். 2001-ல் வேறு குடும்பங்களில் டிஸ்கெரின் ஒழுங்காகவே இருந்தும் டெலோமரேசின் ஆர்.என்.ஏ பழுதானதால் இதே நோய் வந்திருப்பது தெரிந்தது. கேஸ் முடிந்தது, குற்றவாளி நுனித் தேய்மானம்தான் என்றார்கள். 2003-ல் ருகெரோ குழு டிஸ்கெரின் குறைந்த எலிகளை வளர்த்துப் பார்த்ததில், நுனி தேய்வதற்கு முன்பே நோயின் அறிகுறிகள் வந்துவிட்டன! ஒரே புரதம் இரண்டு வேலை பார்த்தால் எது எதால் வந்ததுன்னு பிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று, ஒரே ஃபங்ஷனில் இருபது வேலையை அடைத்து வைத்த பழைய கோடைப் பராமரித்தவர்களுக்குப் புரியும். என் கணக்கில் டெலோமியர் பக்கம் சாட்சி பலம். அதற்காக ரைபோசோமை விடுதலை செய்துவிட முடியாது.

'ஆர்.என்.ஏ மாற்றத்தால் இளமை' என்று யாராவது மாத்திரை விற்க வந்தால் இன்னொன்றையும் கேளுங்கள். 2015-ல் ஈஸ்ட், புழு, பழ ஈ மூன்றிலும் ரைபோசோமில் வேறொரு குறியை (இது மெத்தில் குறி, சூலம் இல்லை) வைக்கிற புரதத்தைக் குறைத்தபோது அவற்றின் ஆயுள் கூடியது. அதாவது குறி குறைந்தால் ஆயுள் நீண்டது! ஒரே திசையில் போகிற கதை இல்லை இது.

செல்லுக்கு நெருக்கடி வந்தால் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி. 2011-ல் யூ குழு ஈஸ்டைச் சூட்டிலும் பட்டினியிலும் போட்டுப் பார்த்தது. யூ2 என்ற ஆர்.என்.ஏ-வில் வழக்கமாக இல்லாத இடங்களில் புதுசா சூலம் முளைத்தது. அதுவரை இந்தக் குறியை ஒருமுறை குத்தின பச்சை என்றே நினைத்திருந்தார்கள். 2014-ல் வெண்டி கில்பர்ட் குழுவும் இன்னொரு குழுவும் தனித்தனியாக எம்.ஆர்.என்.ஏ முழுவதையும் அலசின. எடை ஒன்றுதானே, எப்படிக் கண்டுபிடிப்பது? சூடோயூரிடினோடு மட்டும் விடாப்பிடியாக ஒட்டிக்கொள்கிற ஒரு ரசாயனத்தைப் போட்டார்கள். ஆர்.என்.ஏ-வைப் படித்து டி.என்.ஏ-வாக எழுதும் நொதி அந்த இடம் வந்ததும் தடுக்கி நின்றுவிடும். எங்கெல்லாம் நின்றதோ அங்கெல்லாம் சூலம். நூற்றுக்கணக்கில் கிடைத்தன, அவற்றில் ஒரு பங்கு சூட்டுக்கும் பட்டினிக்கும் ஏற்ப மாறுகிறது.

இனி கரிகோ கதைக்கு வருவோம். அவரும் வைஸ்மனும் வெளியில் தயாரித்த ஆர்.என்.ஏ-வைச் செல்லுக்குக் கொடுத்தால் நோய் எதிர்ப்பு அலாரம் அலறியது. பாக்டீரியா ஆர்.என்.ஏ கொடுத்தாலும் அலறல். பாலூட்டிகளின் டி.ஆர்.என்.ஏ-வுக்கு மட்டும் கப்சிப். அதில்தான் மாற்றப்பட்ட எழுத்துகள் அதிகம். ஐம்பது வருஷமா 'அலங்காரம்' என்று நினைத்தது 'இது நம்ம ஆள்' என்று சொல்கிற அடையாள அட்டையாக இருந்திருக்கிறது. 2005-ல் கட்டுரை வந்தது, பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 2020-ல் வந்த ஃபைசர், மாடர்னா தடுப்பூசிகளில் யூரிடின் மொத்தத்தையும் எடுத்துவிட்டு சூடோயூரிடினின் மெத்தில் தம்பியைப் போட்டார்கள். (நம்ம ஊரில் பெரும்பாலோர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டிலும் கோவாக்சினிலும் இந்தச் சமாசாரம் கிடையாது.) மாற்றாத யூரிடினோடு களம் இறங்கிய கியூர்வேக் 2021-ல் 48 சதவீதத்தோடு நின்றது. புதிய வைரஸ் வகைகளும் காரணம் என்றார்கள். ஆனால் பக்கவிளைவுக்குப் பயந்து அவர்களால் 12 மைக்ரோகிராமுக்கு மேல் போக முடியவில்லை, மாடர்னா 100 போட்டது.

2023 டிசம்பரில் கேம்பிரிட்ஜிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. மெத்தில் தம்பி இருக்கும் இடங்களில் ரைபோசோம் சில சமயம் ஒரு எழுத்து சறுக்கி, அங்கிருந்து தப்பாகப் படிக்கிறதாம். ஆபத்து எதுவும் தெரியவில்லை, சறுக்குகிற இடங்களின் எழுத்துக்கோவையை மாற்றினால் தடுக்கலாம் என்றும் செய்து காட்டியிருக்கிறார்கள். ஆஃப் பை ஒன் எரர்! ரைபோசோமும் நம்ம சாதிதான் போல :-)