எடை, பரப்பு, ஜோடி, லிட்டர்: பாலாற்றுத் தோல் தொழிலின் அச்சுகள்

பாலாற்றுப் படுகையில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என நீளும் தோல் தொழிற்பகுதியின் வரலாற்றை ஒரே வரைபடத்தில் அடக்க முற்படுவோர்க்கு முதல் இடராக அமைவது, அத்தொழில் தன் சரக்கை அளந்த அலகு காலந்தோறும் மாறிவந்தமையாகும். வணிகத்தைக் கோடாக வரையும் முறையை 1786இல் வெளியிட்ட வில்லியம் பிளேஃபேர், கிடை அச்சு ஆண்டுகளையும் குத்து அச்சு பணமதிப்பையும் குறிக்கின்றன என்பதைப் படத்திலேயே எழுதிவைத்தார். தோல் வணிகத்தின் வரைபடத்துக்கு அத்தகைய குறிப்பு இன்னும் விரிவாகத் தேவைப்படுகிறது.

ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பாதிநிலை வரை பதனிடப்பட்டு, ‘ஈ.ஐ. தோல்’ என்ற வணிகப்பெயரில் சென்னைத் துறைமுகம் வழியாக இலண்டன் சென்ற சரக்கு, இராத்தல் எடைக்கு விலைபோயிற்று. தோல் ஏற்றுமதி குறித்து ஆராய்ந்த சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி 1973இல் நடுவண் அரசு பச்சைத்தோல் ஏற்றுமதியைத் தடுத்து, பாதி பதனிட்ட தோலுக்கும் வரம்பு விதித்தபின், சதுர அடியில் அளக்கப்படும் முழுமையாகப் பதனிட்ட தோலும், ஜோடியில் எண்ணப்படும் காலணியும் முன்னிலைக்கு வந்தன. எடை, பரப்பு, எண்ணிக்கை ஆகிய மூன்றையும் ஒரே குத்து அச்சில் நிறுத்த இயலாமையால் பணமதிப்பே பொது அலகாகக் கொள்ளப்படுகிறது.

ஆயினும் 1966 ஜூன் 6 அன்று டாலருக்கு 4.76 ரூபாய் என்றிருந்த மாற்றுவீதம் 7.50 ஆனதால், டாலர் வருவாய் சற்றும் மாறாத ஏற்றுமதிகூட ரூபாய் அச்சில் ஏறத்தாழ 57 விழுக்காடு உயர்ந்ததாகத் தோன்றும். எனவே நாணயம் எது, விலை அந்தந்த ஆண்டினதா, ஓர் அடிப்படை ஆண்டினதா என்பவை அச்சின் பெயரிலேயே இடம்பெறுதல் வேண்டும்.

வரைபடத் தலைப்பில் குறிக்கப்படும் இடப்பெயருக்கும் ஆண்டு வரம்பு தேவை. 1989இல் வடஆற்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டது; 2019இல் வேலூர் மாவட்டத்திலிருந்து ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்கும், மேல்விஷாரமும் இராணிப்பேட்டையும் புதிய இராணிப்பேட்டை மாவட்டத்துக்கும் சென்றன. ‘வேலூர் மாவட்டம்’ என்று மட்டும் தலைப்பிட்ட படத்தில் 2019க்குப் பின் தென்படும் சரிவு, தொழிலின் நலிவாலன்றி எல்லைக்கோட்டால் நேர்ந்ததாகவும் இருக்கலாம்.

தோல் ஆலைக் கழிவுநீரால் நேர்ந்த மாசு குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப்பின், சரக்கின் கணக்கோடு கழிவுநீரின் கணக்கும் இப்பகுதியின் வரலாற்றில் நிலைபெற்றது. இங்கு அலகு, லிட்டருக்கு மில்லிகிராம். கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவுக்கு 2,100, குரோமியத்துக்கு 2 என வரம்புகள் ஆயிரம் மடங்கு வேறுபடுவதால், இரண்டையும் ஒரே சீரான அச்சில் வரையும்போது வரம்பைப் பன்மடங்கு மீறிய குரோமியமும் அடிக்கோட்டோடு ஒட்டி மறைந்துவிடும். இதற்குத் தனித்தனி அச்சோ, ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்காக உயரும் மடக்கை அளவுத்திட்டமோ கையாளப்படுகிறது. எது கையாளப்பட்டது என்பதும், மாதிரி கிணற்றில் எடுக்கப்பட்டதா, சுத்திகரிப்பு நிலையத்தின் வெளிவாயிலில் எடுக்கப்பட்டதா என்பதும் படத்தில் குறிக்கப்பட்டாலன்றிக் கோடு பொருள்படாது.

அலகின் தேர்வே மதிப்பீட்டையும் மாற்றக்கூடும்: நீரைச் சிக்கனப்படுத்தும் ஆலையில் உப்பின் அளவு மாறாமலே லிட்டருக்கான செறிவு உயர்வதால், அவ்வாலை ஓர் அச்சில் கூடுதலாக மாசுபடுத்துவதாகவும், நாளொன்றுக்கான கிலோகிராம் கணக்கில் முன்போலவே இருப்பதாகவும் காட்சியளிக்கும்.