யார் கையில் அந்த எண்?

கிட்டத்தட்ட ஒன்றரை கிலோ எடை, 650 டாலர் விலை. வாங்க வேண்டுமென்றால் நீங்கள் டாக்டராக இருக்க வேண்டும். இன்று சட்டைப் பையில் அடங்கும் குளுக்கோமீட்டரின் முப்பாட்டன் அப்படித்தான் இருந்தது. அதன் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான் வரும்: ஒருவருடைய உடம்பின் கணக்கு யார் கையில் இருக்க வேண்டும்?

அதற்கு முன்பு வீட்டில் சோதிக்க முடிந்தது சிறுநீரை மட்டும்தான். பள்ளி லேபில் நாம் சூடாக்கிய அதே பெனடிக்ட் கரைசல். நீலம், பச்சை, மஞ்சள், கடைசியில் செங்கல் நிறம். சிக்கல் என்னவென்றால், ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180ஐத் தாண்டினால்தான் அது சிறுநீரில் எட்டிப் பார்க்கும். அதுவும் சில மணி நேரத்துக்கு முந்தைய சேதி. சர்க்கரை இறங்கி மயக்கம் வரப்போகிறது என்றால், அந்தக் கரைசல் வாயே திறக்காது.

1965இல் அமெரிக்காவின் ஏம்ஸ் நிறுவனம், ஒரு சொட்டு ரத்தத்தில் நிறம் மாறும் பட்டையைக் கொண்டுவந்தது. அந்த நிறத்தை ஒளியால் அளந்து எண்ணாகச் சொல்லும் மீட்டர் சில வருடங்களில் வந்தது. ராத்திரியில் மயங்கிய நிலையில் கொண்டுவரப்படுபவர் குடித்திருக்கிறாரா, சர்க்கரை நோயாளியா என்று மருத்துவமனைகள் சட்டெனக் கண்டுபிடிக்க அது உதவும் என்று விளம்பரம் செய்தார்கள். நோயாளிக்கு விற்கும் யோசனையே இல்லை.

ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் ஒரு எஞ்சினியர். 12 வயதிலிருந்தே சர்க்கரை நோய். சிறுநீரகம் வரை பாதிப்பு. மீட்டர் விளம்பரத்தைப் பார்த்தார். மனைவி டாக்டர் என்பதால் அவர் பெயரில் வாங்கிவிட்டார். தினமும் பலமுறை குத்திப் பார்த்ததில், ஒரே நாளில் சர்க்கரை அதல பாதாளத்துக்கும் உச்சிக்கும் போய்வருவது தெரிந்தது. இன்சுலினையும் சாப்பாட்டையும் அந்த எண்களுக்கேற்ப மாற்றினார், உடம்பு தேறியது. அதை எழுதி அனுப்பினால் மருத்துவ இதழ்கள் திருப்பி அனுப்பின. சரி, டாக்டர் சொன்னால்தானே கேட்பீர்கள் என்று 45 வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்துவிட்டார் மனுஷன்!

1993இல் பெரிய ஆய்வொன்றின் முடிவு வந்தது. முதல் வகை சர்க்கரை நோயுள்ள 1,441 பேர். அடிக்கடி சோதித்து, அதற்கேற்ப இன்சுலின் போட்டுக்கொண்டவர்களுக்குக் கண், சிறுநீரகம், நரம்பு பாதிப்புகள் வெகுவாகக் குறைந்திருந்தன.

இப்போது மீட்டர் வாங்க யாரும் பட்டம் கேட்பதில்லை. ஆனால் ஒவ்வொரு குத்துக்கும் ஒரு ஸ்ட்ரிப் செலவாகிறது. அந்தக் காசை யோசித்து, "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடுபவருக்கு அந்த எண் இன்னும் முழுதாகக் கைக்கு வரவில்லை என்றே நினைக்கிறேன்.