பொம்மை ரயிலும் பழைய டெலிபோன் ரிலேயும்

"ஹேக்கர்" என்றாலே நம் வயதுக்காரர்களுக்கு அடிவயிறு கலங்குகிறது. ஓ.டி.பி. கேட்டு பென்ஷன் பணத்தைத் துடைத்துக்கொண்டு போகிறவன் என்றுதான் அர்த்தம் பண்ணிக்கொள்கிறோம். ஆனால் அந்தச் சொல் கணினி உலகத்துக்கு வந்தது ஒரு பொம்மை ரயில் மேஜையின் அடியிலிருந்து.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற புகழ்பெற்ற தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. அங்கே 1946-ல் மாணவர்கள் மாதிரி ரயில் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். டெக் மாடல் ரெயில்ரோட் கிளப் என்று பெயர். இடம், 20-ஆம் எண் கட்டடம். போர்க்காலத்தில் ரேடார் ஆராய்ச்சிக்காக 1943-ல் அவசரமாகக் கட்டிய மரக் கொட்டகை அது. போர் முடிந்ததும் இடிப்பதாக ஏற்பாடு. 1998 வரை நின்றது!

சங்கத்தில் இரண்டு கோஷ்டி. ஒன்று, மேஜைக்கு மேலே மலையும் ஸ்டேஷனும் செய்து, ரயிலுக்கு வர்ணம் பூசியது. இன்னொன்று, மேஜைக்கு அடியில் ஒயர்களுக்கு நடுவே படுத்துக் கிடந்தது. சிக்னலும் மின்சாரமும் இவர்கள் பொறுப்பு.

அடியில் அப்படி என்ன வேலை? நிஜ ரயிலில் கேபின்காரர் லீவரை இழுத்தால் பாயிண்ட் நகர்ந்து வண்டி தடம் மாறும். பெரிய மேஜையில் கை எட்டாத இடத்திலெல்லாம் பாயிண்ட் இருக்கும். அதனால் ஒவ்வொன்றிலும் இரண்டு மின்காந்தச் சுருள் பொருத்துவது வழக்கம். ஒன்றுக்கு மின்சாரம் கொடுத்தால் நேர்ப்பாதை, மற்றதற்குக் கொடுத்தால் கிளைப்பாதை. கண்ணிமைக்கும் நேரம் கொடுத்தால் போதும். பட்டனை விடாமல் அழுத்தினால் சுருள் கருகிவிடும்.

இதற்கு மருந்து கெப்பாசிட்டர். சொட்டுச் சொட்டாகக் குடத்தில் சேர்த்த தண்ணீரை ஒரே வீச்சில் கொட்டுவது போல, சேர்த்த மின்சாரத்தை ஒரே உதறலில் கொடுத்துவிட்டுக் காலியாகிவிடும். பட்டனை எவ்வளவு நேரம் அழுத்தினாலும் பயமில்லை.

இன்னொரு தொல்லை தூரம். நீளமான மெல்லிய ஒயரில் போகும்போதே மின்சாரத்தின் பலம் குறைந்து, பாயிண்ட் பாதியில் நின்றுவிடும். வண்டி கவிழும். இதற்கு ரிலே. மெல்லிய ஒயரில் சிறிய மின்சாரம் போய் ரிலேயைத் தட்டி எழுப்பும். பாயிண்டின் பக்கத்திலேயே இருக்கும் அந்த ரிலே, கனத்த மின்சாரத்தைத் திறந்துவிடும். தந்தி காலத்து யுக்திதான்.

ஆனால் நூற்றுக்கணக்கான ரிலேக்கு மாணவர்கள் எங்கே போவார்கள்? வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் கல்லூரிகளுக்குத் தானமாகக் கொடுத்த டெலிபோன் சாமான்கள் கை கொடுத்தன. நம் தொலைபேசித் துறையில் இருந்தவர்களுக்கு ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்சின் கடகட சத்தம் மறந்திருக்காது. அதே மாதிரியான ஸ்டெப்பிங் சுவிட்சுகள் ரயில் மேஜைக்கு அடியில் ஏறின. டெலிபோன் டயலைச் சுழற்றினால் வேண்டிய தண்டவாளப் பகுதி உங்கள் வசம் வரும்!

ரிலேக்கு இரண்டே நிலைதான்: மூடியது, திறந்தது. "இந்தப் பாயிண்ட் திரும்பியிருந்து, அந்தத் தடம் காலியாகவும் இருந்தால் வண்டியை விடு" என்று அவற்றைக் கோத்தால், அதுவே ஒரு கணக்கு. ரிலே இணைப்புகளைத் தர்க்கக் கணிதமாக எழுதலாம் என்று கிளாட் ஷானன் 1937-ல் இதே எம்.ஐ.டி.யில் ஆய்வேடு எழுதியிருந்தார். இந்தப் பையன்கள் அதைக் கையால் படித்தார்கள்.

புத்திசாலித்தனமாக, செய்யும் சந்தோஷத்துக்காகவே செய்த வேலையை இவர்கள் "ஹேக்" என்றார்கள். பீட்டர் சாம்சன் என்ற மாணவர் 1959-ல் தொகுத்த சங்க அகராதியில் அந்தச் சொல் இருக்கிறது.

1958-ல் டி.எக்ஸ்-0 என்ற டிரான்சிஸ்டர் கணினி கல்லூரிக்கு வந்தது. மேஜையடிக் கோஷ்டி ராத்திரி பகலாக அதை மொய்த்தது. அடுத்து வந்த பி.டி.பி-1 கணினியில், 1962-ல் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் 'ஸ்பேஸ்வார்' என்ற விளையாட்டை உருவாக்கினார்கள். அதை ஆடுவதற்கான கைப்பெட்டிகளை ஆலன் கோடாக், பாப் சாண்டர்ஸ் இருவரும் ரயில் சங்கத்து உதிரி சாமான்களிலிருந்து செய்தார்கள். கோடாக் பிற்பாடு பி.டி.பி-10 என்ற பெரிய கணினியின் தலைமை வடிவமைப்பாளர் ஆனார்.

பாடத்திட்டம் இல்லை, பரீட்சை இல்லை. இடிக்க வேண்டிய கொட்டகை, யாருக்கும் வேண்டாத ரிலே, "தொடாதே" என்று சொல்லாத பெரியவர்கள். இவ்வளவுதான் மூலதனம். அடுத்த முறை பேரன் பழைய ரேடியோவைப் பிரித்துப் பரப்பினால், அதட்டுவதற்கு முன் ஒரு நிமிஷம் பொறுங்கள்.

அந்தச் சங்கத்தார் ஹேக்கர் என்ற சொல்லைத் திருடனுக்குத் தர மறுக்கிறார்கள். மூளையைச் செலவழித்து அழகாக ஒன்றைச் செய்கிறவன்தான் அவர்களுக்கு ஹேக்கர்.