கல்நாரும் நஷ்டஈடும்

வீட்டுக் கூரையில் வேயப்படும் சாம்பல் நிறத் தகட்டை அறியாதவர் நம் நாட்டில் இலர். ஆஸ்பெஸ்டாஸ் ஓடு என்று மக்கள் அதனைக் கூறுவர். தமிழில் கல்நார் என்று பெயர். பெயரே பொருளை விளக்கிவிடுகிறது. பூமியிலிருந்து வெட்டி எடுக்கும்போது அது கல். பிரித்தால் நார்நாராகப் பிரியும். பஞ்சைப்போல நூற்கலாம், நெய்யலாம். தீயிலிட்டாலும் எரியாது. 'அணையாதது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்தே ஆஸ்பெஸ்டாஸ் என்ற பெயர் பிறந்தது. நீராவி எந்திரங்கள் பெருகிய 19-ஆம் நூற்றாண்டில், கொதிகலன்களையும் குழாய்களையும் போர்த்துவதற்கு இதனினும் ஏற்ற பொருள் இல்லை என்று உலகம் எண்ணியது. பின்னர் சிமெண்டோடு கலந்து தகடுகளாகவும் குழாய்களாகவும் வார்த்தனர்.

இத்துணைப் பயன் தந்த பொருளுக்குள்ளேயே தீங்கும் குடியிருந்தது. கல்நாரைப் பிரிக்கும்போதும், அறுக்கும்போதும், துளையிடும்போதும் நுண்ணிய இழைகள் காற்றில் மிதக்கின்றன. அவை மூச்சோடு சென்று நுரையீரலின் ஆழத்தில் தங்கிவிடுகின்றன. உடல் அவற்றை முற்றிலும் கரைத்துவிடவோ வெளியேற்றவோ இயலாமல், சுற்றிலும் தழும்பிட்டு மூடப் பார்க்கிறது. நாளடைவில் தழும்பு பெருகி நுரையீரல் தடித்து இறுகுகிறது. மாடிப்படி ஏறினால் இளைக்கிறது. பிறகு நடந்தாலே இளைக்கிறது. இது கல்நார் நுரையீரல் நோய். இதனையன்றி நுரையீரல் புற்றுநோயும், நுரையீரலையோ வயிற்றையோ சூழ்ந்த மென்படலத்தில் தோன்றும் மீசோதீலியோமா என்னும் கொடிய புற்றுநோயும் உண்டு. தழும்பு நோய் பெரும்பாலும் பத்து இருபது ஆண்டுகளுக்குப் பின்னரும், மீசோதீலியோமா இருபது, நாற்பது ஆண்டுகள் கழித்தும்கூடத் தோன்றும். இந்தக் கால இடைவெளியே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

சட்டங்களைத் தமிழில் பெயர்த்தெழுதும் பணியில் இருக்கும் நமக்கு நஷ்டஈடு என்னும் சொல் அடிக்கடி எதிர்ப்படுவது. ஈடு என்றால் ஒத்தது, சமமானது. இழந்த கைக்கு வேறொன்று ஈடாகாது என்பதை அறிந்தே, வேறு வழியின்றிப் பணத்தை ஈடாக வைக்கிறோம். எனினும் எந்திரத்தில் சிக்கிக் கை போனவனுடைய வழக்கில், அது எந்த நாள், எந்த இடம், யாருடைய எந்திரம் என்பதில் ஐயமில்லை. உடன் நின்றவர்களே சாட்சி. கல்நார்த் தூசியை உட்கொண்டவனுக்கோ அத்தகைய ஒரு நாளே கிடையாது. வேலை செய்த காலமெல்லாம் நலமாகவே இருந்தான்; வேலையை விட்டுப் பல ஆண்டுகள் சென்றபின் படுத்தான். அப்போது ஆலை மூடியிருக்கலாம்; முதலாளி மறைந்திருக்கலாம். அவனுக்கு யார் ஈடு செய்வது? இக்கேள்விக்கு விடை தேடிய வரலாறு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் நீண்டது.

அவ்வரலாறு பிரிட்டனில் தொடங்குகிறது. முதலாளியின் குற்றத்தை மெய்ப்பிக்காமலே தொழிலாளி நஷ்டஈடு பெறலாம் என்ற சட்டம் அங்கு 1897-இல் பிறந்தது. ஆயின் அது விபத்துக்கு மட்டுமே உரியது. 1906-ஆம் ஆண்டுச் சட்டம் ஈயநஞ்சு, பாதரசநஞ்சு முதலிய ஆறு நோய்களையும் பட்டியலிட்டு விபத்தோடு சேர்த்தது. பட்டியலில் சேர்க்கத்தக்க வேறு நோய்கள் எவை என ஆராய ஒரு குழுவும் அமைந்தது. லண்டன் மருத்துவர் மான்டேகு மரே அக்குழுவின்முன் தாம் கண்ட நோயாளி ஒருவரைப் பற்றிக் கூறினார். கல்நார் ஆலையில் பதினான்கு ஆண்டுகள் உழைத்து, முப்பத்து மூன்றாம் வயதில் இறந்தவர் அவர். பஞ்சு கோதுவதுபோல் கல்நார் கோதும் அறையில் தம்மோடு வேலை செய்த பத்துப் பேரில் தாம் ஒருவரே எஞ்சியிருப்பதாக அந்நோயாளி சொல்லியிருந்தார். இதற்கு முன்பே, 1898-இல், லூசி டீன் என்ற பெண் தொழிற்சாலை ஆய்வாளரும் கல்நார்த் தூசியின் தீமையை அரசாங்க அறிக்கையில் எழுதியிருந்தார். இருந்தும் கல்நார் பட்டியலில் ஏறவில்லை.

பட்டியலில் ஏறாமையின் விலை என்ன என்பதை ராச்டேல் நகரத்து நெல்லி கெர்ஷா என்னும் பெண்ணின் கதை காட்டும். டர்னர் பிரதர்ஸ் கல்நார் ஆலையில் நூல் நூற்றவர் அவர். 1922-இல் மூச்சு முட்டி வேலையை விட்டார். மருத்துவர் கல்நார் நஞ்சு என்று சான்று எழுதினார். நோய்க்காலத்தில் உதவவேண்டிய காப்பு நிதியினர், இது தொழிலால் வந்த நோய், ஆதலால் முதலாளியே பொறுப்பு என்று கைவிரித்தனர். கம்பெனியோ, சட்டப் பட்டியலில் அப்படி ஒரு நோயே இல்லை என்று மறுத்தது. அங்கே போனால் இங்கே போ என்றும், இங்கே வந்தால் அங்கே போ என்றும் அலைக்கழிந்த அப்பெண்மணி 1924 மார்ச்சில், 33 வயதில், காலமானார். சவ அடக்கச் செலவுக்குக்கூடக் கம்பெனி உதவவில்லை. அவருடைய நுரையீரலைச் சோதித்த டாக்டர் குக் அவ்வாண்டே மருத்துவ ஏட்டில் அதனை வெளியிட்டார். 1927-இல் நோய்க்குத் தனிப் பெயரும் சூட்டினார். பெயர் வந்தது, பெயருக்கு உரியவர் போய்விட்டார்.

அதன் பின்னரே அரசாங்கம் அசைந்தது. மெரிவெதர் என்ற மருத்துவ ஆய்வாளரும் பிரைஸ் என்ற பொறியியல் ஆய்வாளரும் ஆலைகளில் ஆய்ந்து 1930-இல் அறிக்கை தந்தனர். சோதிக்கப்பட்ட 363 தொழிலாளரில் 95 பேருக்கு நோய் கண்டிருந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு நோய் இருந்தது. இதன் பயனாக 1931-இல் தூசியைக் கட்டுப்படுத்தும் விதிகளும் நஷ்டஈட்டுத் திட்டமும் பிறந்தன. ஆயினும் அத்திட்டம் ஆலைக்குள் சில குறிப்பிட்ட வேலைகளைச் செய்தோருக்கே பயன்பட்டது. கப்பல்களிலும் கொதிகலன்களிலும் கல்நார் போர்த்திய தொழிலாளி அதற்குப் புறம்பாகவே நின்றான்.

நோயின் முழு வடிவம் மெல்ல மெல்லத்தான் புலப்பட்டது. கல்நார்த் தொழிலாளரிடையே நுரையீரல் புற்றுநோய் மிகுதி என்பதை ரிச்சர்டு டால் 1955-இல் நிறுவினார். 1960-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் மாகாணத்தில் வாக்னரும் அவர்தம் நண்பர்களும் 33 மீசோதீலியோமா நோயாளிகளைப் பற்றி எழுதினர். அவர்களுள் பலர் சுரங்கத்தில் கால் வைத்தவரே அல்லர். நீலக் கல்நார்ச் சுரங்கங்களின் அருகே வாழ்ந்தவர்கள், அங்கே சிறுவராய் விளையாடியவர்கள். கூலி வாங்கியவனுக்கு மட்டுமே நஷ்டஈடு என்று எழுதிய சட்டத்தில் இவர்களுக்கு இடமில்லை.

நோயாளி பல ஆலைகளில் வேலை செய்திருந்தால், எந்த ஆலையின் இழை அவனைக் கொன்றது என்று எவராலும் கூற இயலாது. இதனையே காட்டி ஒவ்வொரு முதலாளியும் தப்ப முயன்றார். 2002-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை, ஃபேர்சைல்டு வழக்கில், கவனக்குறைவால் அபாயத்தைப் பெருக்கிய ஒவ்வொருவரும் பொறுப்பாவர் எனத் தீர்ப்பளித்தது. மூடிப்போன ஆலைகளின் தொழிலாளருக்கு அரசாங்கமே தொகை வழங்க 1979-இல் சட்டம் வந்தது. முதலாளியையும் கண்டுபிடிக்க முடியவில்லை, அவருக்குக் காப்புறுதி அளித்த கம்பெனியையும் கண்டுபிடிக்க முடியவில்லை என்னும் மீசோதீலியோமா நோயாளிகளுக்கு, காப்புறுதிக் கம்பெனிகள் அனைத்திடமும் வரி திரட்டி உதவும் சட்டம் 2014-இல் நிறைவேறியது. நெல்லி கெர்ஷாவின் மரணத்துக்கும் அச்சட்டத்துக்கும் இடையே தொண்ணூறு ஆண்டுகள்.

நம் நாட்டுத் தொழிற் சட்டங்கள் பலவற்றுக்கு அந்நாட்டுச் சட்டமே முன்மாதிரி. ஆதலால் அதன் குறைகளும் உடன் வந்தன. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம், வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த விபத்தால் உண்டான காயத்துக்கு ஈடு தந்தது. நோயைப் பற்றிப் பேச நேர்ந்த இடத்தில், பட்டியலில் கண்ட நோய் வந்தால் அது விபத்தால் நேர்ந்த காயமாகவே கொள்ளப்படும் என்றது. 'கொள்ளப்படும்' என்ற இச்சொல்லைத் தமிழாக்கும்போதெல்லாம் நாம் சற்று நின்று சிந்திப்பதுண்டு. சட்டத்தின் கண்ணுக்கு விபத்து ஒன்றே தெரியும். நோய் தெரியவேண்டுமானால் அது விபத்தின் வேடம் புனைந்து வரவேண்டும்.

1959-ஆம் ஆண்டுத் திருத்தம், கல்நார் நோய் உள்ளிட்ட தூசி நோய்களைத் தனிப் பிரிவாக அமைத்தது. பல முதலாளிகளிடம் வேலை செய்தவனுக்கு நோய் வந்தால், நஷ்டஈட்டு ஆணையர் நியாயம் எனக் கருதும் விகிதத்தில் அவர்கள் அனைவரும் பகிர்ந்து தரவேண்டும் என்றும் விதித்தது. பிரபுக்கள் சபை 2002-இல் அவிழ்த்த முடிச்சில் ஒரு பகுதியை நம் நாடாளுமன்றம் முன்பே அவிழ்த்திருந்தது என்பது பெருமைக்குரியதே. 1948-இல் இயற்றப்பட்டு, 1952 பிப்ரவரி 24-ஆம் நாள் கான்பூரிலும் டில்லியிலும் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டமும், ஊனமுற்றவர்க்கும் இறந்தவரைச் சார்ந்தோர்க்கும் தொடர்ந்து பணம் கிடைக்க வழிசெய்தது.

எனினும் காலத்தின் கணக்கில் சட்டம் இடறியது. 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வேலையை விட்ட இரண்டு ஆண்டுகளுக்குள் நோய்க்குறி தோன்றினால், குறி கண்ட நாளே விபத்து நிகழ்ந்த நாளாகக் கொள்ளப்படும். அதற்குப் பின் வந்தவன், தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டி ஆணையரின் இரக்கத்தை நாடவேண்டும். சட்டம் திறந்துவைத்த கதவு இரண்டு ஆண்டுகள். நோய் வந்து சேரும் காலமோ இருபது, முப்பது ஆண்டுகள். விருந்தாளி வருமுன்பே வீட்டைப் பூட்டிவிட்டது போன்றது இது.

இந்நிலையை உச்சநீதிமன்றம் நேருக்கு நேர் நோக்கியது. ஆமதாபாத்திலுள்ள நுகர்வோர் கல்வி ஆய்வு மையம் 1986-இல் தொடுத்த வழக்கில் 1995 ஜனவரி 27-ஆம் நாள் தீர்ப்பு வெளிவந்தது. வேலையில் இருக்கும்போதும் ஓய்வு பெற்ற பின்னரும் உடல்நலமும் மருத்துவ உதவியும் பெறுவது, அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு உறுதிசெய்யும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிபதிகள் கூறினர். ஈட்டுறுதிச் சட்டத்துக்கு உட்பட்டதாயினும் படாததாயினும், எல்லாக் கல்நார்த் தொழிற்சாலைகளும் தொழிலாளருக்கு உடல்நலக் காப்பு அளிக்கவேண்டும் என்றனர். குஜராத் மாநிலத் தொழிலாளரை ஆமதாபாத் தேசியத் தொழில்சார் உடல்நல நிறுவனம் மீண்டும் சோதிக்கவேண்டும். நோய் உறுதிப்பட்டால் மூன்று மாதங்களுக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு லட்சம் ரூபாய் தரவேண்டும் என்றும் ஆணையிட்டனர்.

ஒரு லட்சம் ரூபாயைப் பலர் நினைவிற்கொண்டனர். நம் கருத்தில் அத்தீர்ப்பின் சிறந்த பகுதி வேறு. ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும், அவன் வேலையிற் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலை நீங்கியபின் 15 ஆண்டுகள், இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்கவேண்டும் என்ற ஆணையே அது. நோய் எத்தனை காலம் பதுங்கியிருக்குமோ அத்தனை காலம் சாட்சியும் உயிரோடிருக்கவேண்டும் என்று நீதிமன்றம் கண்டது. கையை இழந்தவனுக்கு உடன் நின்ற தோழர்கள் சாட்சி. மூச்சை இழந்தவனுக்குப் பழுப்பேறிய காகிதமே சாட்சி.

2011-இல் கல்நாரை முற்றிலும் தடைசெய்யக் கோரிய வழக்கை உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. ஆயின் 1995-ஆம் ஆண்டு ஆணைகளை வழுவாது நிறைவேற்றுமாறு வற்புறுத்தியது. 1923, 1948-ஆம் ஆண்டுகளின் நஷ்டஈட்டு, ஈட்டுறுதிச் சட்டங்களை ஒன்றாக்கிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டன் 1999-இல் கல்நாரைத் தடைசெய்துவிட்டது. நாமோ வெளிநாடுகளிலிருந்து வெள்ளைக் கல்நாரைத் தருவித்துக் கூரைத் தகடு செய்துவருகிறோம். ஆதலால் நமக்கு இவ்வரலாறு இன்னும் முடிந்த வரலாறு அன்று.

சட்டம் எத்துணைச் செம்மையாயினும், அதனை நாடிச் செல்பவன் கையில் இரண்டு தாள்கள் வேண்டும். ஒன்று, நோயின் பெயரைச் சரியாகக் கூறும் மருத்துவச் சான்று. தூசியால் வரும் இருமலைக் காசநோய் என எண்ணி அதற்கே மருந்து உண்டு காலம் கழித்தவர் பலர். மருத்துவர், நோயாளியைப் பார்த்து, 'நீ இதற்குமுன் என்னென்ன வேலை செய்தாய்?' என்று ஒரு வினா வினவினால் பாதி வழி கடந்தாயிற்று. மற்றொன்று, வேலை செய்ததற்கான சான்று. நிரந்தரத் தொழிலாளிக்கு அது கிடைக்கும். ஒப்பந்தக்காரரிடம் தினக்கூலி பெற்று மூட்டை அவிழ்த்தவனுக்கும், தகடு அறுத்தவனுக்கும், பழங்கப்பலை உடைத்தவனுக்கும் பல வேளைகளில் பதிவேட்டில் பெயரே இராது. பதிவேட்டில் இல்லாதவனுக்கு நஷ்டஈட்டுச் சட்டத்திலும் இடம் கிடைப்பது அரிது.

எனவே தொழிலாளத் தோழர்களுக்கும் அவர்தம் மக்களுக்கும் நாம் கூறத்தக்கது ஒன்றுண்டு. கூலிச் சீட்டு, அடையாள அட்டை, ஈட்டுறுதி அட்டை, மார்பு எக்ஸ்ரே படம் ஆகியவற்றை வேலையை விட்ட அன்றே எறிந்துவிடாதீர்கள். நிலப் பத்திரத்தை வைக்கும் பெட்டியிலேயே அவற்றையும் வையுங்கள். சங்கத்தார் உறுப்பினர் பட்டியலைக் காப்பாற்றட்டும். தந்தை எந்த ஆலையில், எந்த ஆண்டுமுதல், என்ன வேலை செய்தார் என்பதை மக்கள் கேட்டு எழுதிவைக்கட்டும். இழந்த மூச்சுக்கு எதுவும் ஈடாகாது. ஆயினும் நெல்லி கெர்ஷாவைப்போல எவரும் இரண்டு வாயில்களுக்கிடையே நின்று மாளாதிருக்க, அந்தச் சிறு பெட்டியில் உள்ள காகிதம் உதவும்.