யாருய்யா அது, திரைக்குப் பின்னால?

முதலில் ஒரு சின்னப் பரீட்சை. சகுனி யார்? பட்டென்று சொல்லிவிடுவீர்கள். அரவான்? கூவாகம் திருவிழாவைக் கேள்விப்பட்டவர்கள் கை தூக்குவீர்கள். சரி, பகதத்தன்? பூரிசிரவசு? 'ஆளை விடுங்க சார்' என்கிறீர்களா? வெட்கப்படவே வேண்டாம். மகாபாரதத்துக்குள் புதுசாக நுழைகிற யாருக்கும் இந்தப் பெயர்க் கூட்டத்தில் தலை சுற்றத்தான் செய்யும்.

பெரிய கதை உலகம் எங்கே இருந்தாலும் இந்தத் தலைசுற்றலும் கூடவே இருக்கும். இங்கிலாந்தில் டோல்கீன் என்ற பேராசிரியர் 1954-55இல் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலை வெளியிட்டார். மோதிரம், குள்ளர்கள், மாயாவிகள், அவர்களுக்கென்று தனி மொழிகள், தனி வரலாறு! வாசகர்கள் சொக்கிப்போனார்கள். கூடவே குழம்பியும் போனார்கள். அந்தப் பெயர்களையெல்லாம் அகரவரிசையில் அடுக்கி, 1971இல் ஒரு கையேடு போட்டார் ராபர்ட் ஃபாஸ்டர் என்ற அமெரிக்க ரசிகர்.

நம் ஊரில் அந்த வேலையை யார் செய்தார்கள்? தெரிந்துகொள்ள வானூர் பக்கம் போகலாம், வாருங்கள்.

விழுப்புரம், திண்டிவனம், வானூர் என்று இந்த வட்டாரத்தில் எங்கே திரும்பினாலும் ஒரு திரௌபதி அம்மன் கோயில். திருவிழா வந்தால் பல ஊர்களில் நாள்கணக்கில் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கம், ராத்திரியில் தெருக்கூத்து, முடிவில் படுகளம், தீமிதி.

பிரசங்கியார் கையில் இருப்பது வில்லிபாரதம். எழுதிய வில்லிபுத்தூராரும் இந்தப் பக்கத்துக்காரர்தான். பழைய திருமுனைப்பாடி நாட்டில் பிறந்தவர். அவருடைய 4,300-க்கும் மேற்பட்ட பாடல்களில் வடசொற்கள் கடகடவென்று உருளும். காலையில் வயலுக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்திருக்கிறவருக்கு அது எப்படிப் புரியும்? பிரசங்கியார் பாட்டைப் பிரித்து, பதம் பதமாக அர்த்தம் சொல்லுவார். 'இவன் அவனுக்குச் சித்தப்பா முறை' என்று உறவு விளக்குவார். நடுவில் ஊர்க்கதை ஒன்றும் வந்து போகும். இவர் நடமாடும் கையேடு!

ராத்திரியானால் இன்னொரு கையேடு மேடையேறும். அதன் பெயர் கட்டியங்காரன். இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்திருக்க, அதன் பின்னால் ராஜா கிரீடம், புஜகீர்த்தியுடன் நிற்பார். கட்டியங்காரன் சும்மா விடமாட்டார்.

'யாருய்யா அது, திரைக்குப் பின்னால?'

'அஸ்தினாபுரத்து அரசன் துரியோதனன் வந்திருக்கிறேன்!'

'எந்தத் துரியோதனன்? உனக்கு அப்பா யாரு, அம்மா யாரு? கூடப் பிறந்தவங்க எத்தனை பேரு?'

இந்த மாதிரிப் போகும். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். ஆனால், சிரித்து முடிப்பதற்குள் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஐந்து வயசுப் பையனுக்குக் கௌரவர் வம்சமே மனப்பாடம்! கூட்டத்தில் யாருக்கு எது தெரியாதோ, அதையெல்லாம் தானே தெரியாதவன் போல நின்று கேட்டுவிடுகிறார் கட்டியங்காரன். கேட்க வெட்கப்பட்டவனுக்கும் பதில் கிடைத்துவிடுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிகிற சமயம் நிலைமை மாறியது. ஓலையில் இருந்த நூல்கள் அச்சுக்கு வந்தன. பட்டணத்தில் ஒருவர் தனியாக விளக்கடியில் உட்கார்ந்து புராணம் படிக்கிறார். புரியாத பெயர் வந்தால் யாரைக் கேட்பார்? வகுப்பறைக்குக் கட்டியங்காரன் வரமாட்டாரே!

இந்தச் சிக்கல் ஆ.சிங்காரவேலு முதலியாரை உறுத்தியது. சென்னைப் பச்சையப்பன் பள்ளியில் தமிழாசிரியர். புராணப் பெயர்களைக் குறித்துவைக்க ஆரம்பித்தார். முதலில் 'புராண நாமாவளி' என்றுதான் பெயர். ஆனால், பெயர்களோடு நிற்க முடியவில்லை. புலவர்கள், மன்னர்கள், தலங்கள், செடிகொடிகள், ரத்தினங்கள் என்று பெருகிக்கொண்டே போனது. ஒருவரைப் பற்றி இரண்டு புராணம் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதிவைத்தார்.

1902இல் யாழ்ப்பாணத்திலிருந்து முத்துத்தம்பிப்பிள்ளையின் 'அபிதான கோசம்' வெளிவந்துவிட்டது. இதேபோன்ற அகராதிதான். முதலியார் சோர்ந்துவிடவில்லை. அவருடைய கவலையெல்லாம் வேறு. இவ்வளவு பெரிய புத்தகத்தை ஒரு பள்ளி ஆசிரியர் எந்தக் காசில் அச்சடிப்பது? உதவி கேட்டு அலைந்தார். கடைசியில் கைகொடுத்தவர், மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901இல் நிறுவிய பாண்டித்துரைத் தேவர். 1910இல் 'அபிதான சிந்தாமணி' ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய புத்தகமாக வெளிவந்தது. அடுத்த ஆண்டே தேவர் காலமானார்.

முதலியார் அதோடு பேனாவை மூடவில்லை. சேர்த்துக்கொண்டே இருந்தார். 1931இல் அவர் இறந்தபோது விரிவாக்கிய பதிப்பு வெளிவந்திருக்கவில்லை. 1934இல் அவருடைய மகன் அதைக் கொண்டுவந்தார். 1,600 பக்கங்களுக்கும் மேல்! டோல்கீன் கதையிலும் இப்படித்தான். அவர் 1973இல் மறைந்தார். முடிக்காமல் விட்டுப்போன 'சில்மரில்லியன்' நூலைத் தொகுத்து 1977இல் வெளியிட்டவர் மகன் கிறிஸ்டோபர். கதை உலகத்தைக் கட்டினாலும் சரி, அதற்கு வழி சொல்ல உட்கார்ந்தாலும் சரி... ஒரு ஆயுள் போதவில்லை!

'கையேடு பார்த்துப் படிப்பதெல்லாம் ஒரு படிப்பா?' என்று இளக்காரம் செய்கிறவர்கள் இன்றைக்கும் உண்டு. அவர்களை ஒரு ராத்திரி கூத்துக்கு அழைத்துப்போக வேண்டும். அறுபது தடவை பாரதம் பார்த்த தாத்தாவும், முதல் தடவை வந்த பேரனும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே கேள்விக்குக் காது கொடுப்பதை அங்கே பார்க்கலாம். உங்கள் வீட்டுப் பிள்ளை 'பீஷ்மர்னா யாருப்பா?' என்று கேட்டால், 'இதுகூடத் தெரியாதா?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்வியோடு அவன் திரைக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுவான்.

பரீட்சைக்கு விடை வேண்டாமா? சுப்ரதீகம் என்ற யானை மேல் வந்து கௌரவர் பக்கம் நின்று போரிட்ட பிராக்ஜோதிஷத்து அரசன் பகதத்தன். பூரிசிரவசு யார் என்பதை நான் சொல்லப் போவதில்லை. 'அபிதான சிந்தாமணி' இப்போதும் மறுபதிப்பாகக் கிடைக்கிறது. புரட்டிப் பாருங்களேன்!