கோடையில் காய்ந்த கண்மாய்

மதுரை வில்லாபுரத்தில் கண்மாய் இருந்த இடத்தில் இன்று வீட்டுவசதி வாரியக் குடியிருப்பு நிற்கிறது. மதுரையில் தப்பிப் பிழைத்த கண்மாய்கள் பலவற்றில் ஆகாயத்தாமரை மண்டுகிறது. பழியை அந்தச் செடியின்மேல் போடுகிறோம். கண்மாயின் மூப்புக்குக் காரணம் செடியல்ல, கோடையிலும் அது காயாமல் கிடப்பதுதான் என்பேன்.

நீர்நிலை எதுவும் மூப்படையும். வரத்துக்கால் கொண்டுவரும் மண் படியப் படிய ஆழம் குறையும். வெயில் அடிவரை இறங்கும். பாசியும் கோரையும் வளர்ந்து அழுகி, அந்த அழுகலே அடுத்த களைக்கு உரமாகும். மலை ஏரி மூப்படைய ஆயிரமாயிரம் ஆண்டுகள் பிடிக்கலாம். சமவெளிக் கண்மாயோ முதலிலேயே ஆழமற்றது; கவனிக்காமல் விட்டால் விரைவில் தூர்ந்துவிடும். ஆனாலும் பல கண்மாய்கள் நூற்றாண்டுகள் தாங்கின. ஐப்பசி, கார்த்திகையில் நிறைந்த நீர் மடை வழியே வயலுக்குப் போய், சித்திரைக்குள் வற்றும். மீன்பிடி முடிந்ததும் ஆடுமாடுகள் இறங்கும். பாசி கருகும். வெடித்த தரையிலிருந்து கரம்பை வண்டலை வண்டி வண்டியாக வயலுக்கு அடிப்பார்கள். கண்மாயில் கிடந்தால் களையை வளர்க்கும் அதே கரம்பை, வயலில் நெல்லை வளர்த்தது. நீர் திறக்கும் குமிழித் தூம்பிலும் நீர் போக மேலே ஒரு துளை, சேறு போகக் கீழே ஒரு துளை வைத்தார்கள். கண்மாய் பாய்ந்த ஆயக்கட்டு வயல்கள் வீட்டுமனையானபின் கரம்பை யாருக்கும் வேண்டாததாயிற்று.

இன்று கண்மாயில் விழுவது சாக்கடை; அதற்குக் கோடை கிடையாது. சோப்பும் மலமும் கொண்டுவரும் பாஸ்பரஸும் நைட்ரஜனும் ஆண்டு முழுவதும் களைக்குத் தீனி. தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரை, ஏற்ற நீரில் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். அதன் விதை சேற்றுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். இயந்திரம் அள்ளிய இடத்திலேயே அது மீண்டும் முளைப்பதில் வியப்பில்லை.

வற்றாத கண்மாய் நிலத்தடி நீருக்கு நல்லதுதானே என்று கேட்கலாம். நல்ல நீர் நின்றால் நல்லதுதான். ஆனால் வாராத சேறு அடியை அடைத்து நீர் ஊறுவதைக் குறைக்கிறது, ஊறுவதும் கழிவுநீர். ஊரார் கூடிக் கண்மாயைத் தூர்வாரிய குடிமராமத்து கட்டாய உழைப்பு இல்லையா என்ற கேள்வி இன்னும் கனமானது. 1858இல் சென்னை மாகாணத்தில் அதையும் உள்ளடக்கிய கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. ஊருக்குள் அந்தச் சுமை எளியவர் தோளிலேயே அதிகம் விழுந்தது. அந்தக் கட்டாயம் திரும்ப வேண்டாம். கூலி கொடுத்தே தூர்வாரலாம். 2017இல் குடிமராமத்து என்ற பெயரையே அரசு மீட்டெடுத்து நிதி ஒதுக்கியது. வண்டல் அள்ள உழவர்களுக்கு அனுமதியும் தந்தது. ஆனால் சாக்கடை விழும் கண்மாயில் எவ்வளவு வாரினாலும் பலன் நிலைக்காது.

உங்கள் பகுதிக் கண்மாயில் ஆகாயத்தாமரை அகற்ற அடுத்த முறை இயந்திரம் இறங்கும்போது, அதில் விழும் சாக்கடை வாய்களில் எத்தனையை அடைத்தார்கள் என்று முதலில் கேளுங்கள்.